பளபளப்பு சுத்தமல்ல

சென்ற தை மாதம் ஆம்பூரில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில், மாப்பிள்ளை அழைப்புக்காகக் கொண்டுவந்து நிறுத்திய அம்பாஸடர் காரைச் சுற்றி ஒரு கூட்டம். மார்க் 2 வகை, அறுபதுகளின் பிற்பகுதியில் வாங்கியது என்றார் உரிமையாளர். மூன்று தலைமுறையாகத் தோல் வணிகம் செய்யும் குடும்பத்தவர். எங்கள் ஆர்வத்தைக் கண்டதும் பானெட்டைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பாத்திரக்கடை. டாப்பெட் கவர் முதல் ஏர் கிளீனர் வரை குரோமிய முலாம். ரேடியேட்டர் குழாய்கள் செக்கச் சிவந்த சிலிக்கான். மின்கம்பிகள் எல்லாம் கறுப்பு நெளிகுழலுக்குள் மறைந்திருந்தன. என்ஜின் முழுவதும் மருத்துவமனைச் சுவர்போல ஒரே வெளிர்நீலம். இளைஞர்கள் கைபேசியை நீட்டிப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். "இதில் பழையது எது?" என்று கேட்டேன். "எல்லாமே பழசுதான் சார். புதுசு மாதிரி பண்ணியிருக்கோம்" என்றார் பெருமையுடன்.

அரைமணி நேரம் கழித்துப் பந்தியில் அவர் என் பக்கத்தில் அமர்ந்தார். பிரியாணி வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். என் தோள்பையைக் காட்டி "எங்க வாங்கினது?" என்றார். சென்னையில் என்றேன். கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தார். விளிம்பை மடக்கிப் பார்த்தார். "கரெக்டட் கிரெய்ன். பஃப் அடிச்சு, மேல கலர் ஏத்தி, பிளேட்டு போட்டு அழுத்தியிருக்கான். உங்களை ஏமாத்திட்டாங்க சார்" என்றார். குரலில் உண்மையான பரிவு இருந்தது.

இக்கட்டுரை அவருக்கு எதிரானதல்ல. அவருடைய கட்டைவிரலின் பக்கம் நின்றுகொண்டு அவருடைய பானெட்டுக்கு எதிராக எழுதப்படுவது.

*

தோல் தொழிலை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். விலங்கின் தோலில் மயிர்க்கால்கள் அமைந்த மேற்பரப்பைத் தொழிலில் 'கிரெய்ன்' என்பார்கள். முள் கீறிய தடம், உண்ணி கடித்த புள்ளி, அம்மைத் தழும்பு, ஆறிப்போன காயம் எல்லாம் அதில் பதிந்திருக்கும். அந்த ஆடோ மாடோ உயிரோடு திரிந்ததற்கான சான்றுகள் அவை. குறைகள் குறைவாக உள்ள தோலின் மேற்பரப்பைத் தொடாமல் அப்படியே விட்டால் அது 'ஃபுல் கிரெய்ன்'. விலை அதற்குத்தான் அதிகம். குறைகள் மிகுந்த தோலை உப்புத்தாள் கொண்டு தேய்த்து, மேற்பரப்பையே அகற்றி, நிறமும் ரெசினும் பூசி, சூடான தகட்டை அழுத்தி இல்லாத மணியை இருப்பதுபோலப் பதிப்பார்கள். அதுதான் 'கரெக்டட் கிரெய்ன்', திருத்தப்பட்ட தோல். முதல் பார்வைக்குத் திருத்தப்பட்டதே அழகு. அது சீரானது, குறையற்றது, பளபளப்பானது. இரண்டு வருடம் கழித்துப் பூச்சு வெடித்து உரியும்போதுதான் உண்மை தெரியும். அசல் தோலோ பயன்படப் பயன்பட மெருகேறும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்களில் இந்த வேறுபாட்டை விரல்நுனியால் சொல்லிவிடக்கூடியவர்கள் எத்தனையோ பேர். உலகத்தின் வேறு எந்த மூலையிலும் இவ்வளவு நுட்பமான விரல்கள் இவ்வளவு நெருக்கமாக வாழுமா என்பது ஐயமே. ஆனால் அதே விரல்கள் பழைய கார் ஒன்றைத் தொட்டதும் மரத்துப்போகின்றன. தோலில் எதை மோசடி என்கிறார்களோ, அதையே வண்டியில் 'ரெஸ்டோரேஷன்' என்கிறார்கள்.

கறாராகச் சொல்வதென்றால், நாம் மூன்று வெவ்வேறு சொற்களை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். சுத்தம், அசல், பளபளப்பு. சுத்தம் என்பது அழுக்கை அகற்றுவது. அசல் என்பது இருந்ததை இருந்தபடி காப்பது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணை. பளபளப்போ இரண்டுக்கும் எதிரி. அழுக்கை அகற்றாமலே அதன்மேல் பூச முடியும் என்பதால் அது சுத்தத்துக்கு எதிரி. பூசியபின் கீழே இருந்தது என்ன என்பது என்றைக்குமாக மறைந்துவிடும் என்பதால் அது அசலுக்கும் எதிரி.

*

என்ஜின் அறைக்கு ஏன் இத்தனை ஆவேசம் என்று கேட்கலாம். காரின் வெளிப்புறம் பலமுறை வண்ணம் மாறியிருக்கும். இருக்கைகளுக்கு உறை மாற்றியிருப்பார்கள். வீட்டில் வரவேற்பறை விருந்தினருக்காக மாறிக்கொண்டே இருப்பதைப்போல. எவரும் எட்டிப்பார்க்காத பரண்தான் குடும்பத்தின் ஞாபகத்தை வைத்திருக்கும். காருக்கு அந்தப் பரண் என்ஜின் அறை.

அம்பாஸடரையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வார்ப்பில், ஐம்பதுகளின் இறுதியில் வங்காளத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரிக்கத் தொடங்கிய வண்டி. 2014இல் உற்பத்தி நிற்கும்வரை அதன் உருவம் பெரிதாக மாறவே இல்லை. கிரில், விளக்கு, உள்ளே டேஷ்போர்டு என்று சில்லறை மாற்றங்கள். அரை நூற்றாண்டின் உண்மையான கதை பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. முதலில் சைடு வால்வு என்ஜின். பின்பு நீண்டகாலம் 1489 சி.சி. ஓவர்ஹெட் வால்வு என்ஜின். தொண்ணூறுகளில் ஜப்பானிய இசுசுவின் 1817 சி.சி. என்ஜின். உரிமம் பெற்றுச் செய்த நாடு, இறக்குமதிக்குக் கதவடைத்த நாடு, கதவைத் திறந்த நாடு. இந்தியப் பொருளாதாரத்தின் மூன்று அத்தியாயங்கள் ஒரே தகரக்கூட்டுக்குள் எழுதப்பட்டுள்ளன.

நம் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கதை இன்னும் நெருக்கமானது. 948 சி.சி. என்ஜின். இரு மட்கார்டுகளோடும் சேர்ந்து முழு முகப்பும் முன்னோக்கிக் கவிழும் வண்டி. திறந்தால் என்ஜினும் முன்சக்கரங்களும் மேடையில் நிற்பவர்கள்போல மூன்று பக்கமும் தெரியும். அந்த நிறுவனம் இன்று இல்லை. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் அம்பாஸடர் பெயரை 2017இல் 80 கோடி ரூபாய்க்கு ஃபிரெஞ்சு நிறுவனமான பெஜோவுக்கு விற்றுவிட்டது. தயாரித்தவர்கள் இல்லாமல் போனபின், தயாரிக்கப்பட்ட பொருள் மட்டுமே ஆவணம். அந்த ஆவணத்தின் மேல்தான் வெளிர்நீலம் பூசுகிறோம்.

ஆவணம் என்பது அலங்காரச் சொல் அல்ல. ஓர் எடுத்துக்காட்டு. பிரிட்டிஷ் லூகாஸ் மரபில் வந்த மின்கம்பிகளுக்கு நிற இலக்கணம் உண்டு. பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை இக்னிஷனுக்கு. பச்சை, ஃபியூஸ் வழியாகத் துணைக்கருவிகளுக்கு. நீலம் முகப்பு விளக்குக்கு. கறுப்பு எர்த். அறிந்த மெக்கானிக் ஒருவர் இதை வாய்விட்டுப் படிப்பார். அந்தக் கம்பிகளை அறுத்தெறிந்துவிட்டு, கடையில் கிடைத்த சிவப்புக் கம்பியால் வண்டி முழுவதும் இழுத்து நெளிகுழலில் திணித்தால் பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குப்பின் அது எவராலும் படிக்க முடியாத ஏடு. நள்ளிரவில் பள்ளிகொண்டாவுக்கும் மாதனூருக்கும் நடுவே விளக்கு அணைந்து நிற்கும்போது அந்த நேர்த்தியின் விலை தெரியும்.

ஏடு என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் மரபில் ஓலைச்சுவடியைச் சுத்தம் செய்வதற்கு மையாடல் என்று பெயர். விளக்குக் கரியும் மஞ்சளும் கோவையிலைச் சாறும் தடவித் துடைப்பார்கள். கீறிய எழுத்தில் கருமை தங்கித் துலங்கும். சுத்தம் செய்வதன் நோக்கமே படிப்பதுதான். எழுத்து சரியில்லை என்று புதிதாகக் கீறுவதற்குப் பெயர் மையாடல் அல்ல. உ.வே. சாமிநாதையரைப் பதிப்பாசிரியர் என்று நாம் வணங்குவது, செல்லரித்த இடங்களைத் தன் கவித்துவத்தால் நிரப்பினார் என்பதற்காக அல்ல, பாடபேதங்களைப் பேணினார் என்பதற்காக. இலக்கியத்தில் இதை ஒப்புக்கொள்ளும் நாம், இயந்திரத்தில் மட்டும் இடைச்செருகலைக் கைதட்டி வரவேற்கிறோம். இயந்திரம் செய்தவனும் ஒரு கைவினைஞன்தான் என்பது நம் இலக்கிய மனத்துக்கு இன்னும் உறைக்கவில்லை.

*

இனி சுத்தத்துக்கு வருகிறேன். அசலைக் காக்கிறேன் என்று சொல்லி அழுக்கைக் காக்கும் கூட்டமும் உண்டு. "அப்படியே இருக்கட்டும் சார், அதுதான் ஒரிஜினல்." இதுவும் பொய்யே. அரை அங்குலத்துக்குப் படிந்த கிரீஸும் புழுதியும் வரலாறு அல்ல, சோம்பல். அழுக்கு மூடிய என்ஜினில் எண்ணெய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. எண்ணெய் ஊறிய ரப்பர் குழாய் உப்பி வெடிக்கும். கம்பி உறை இளகும். பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கும்.

ஆனால் எப்படிச் சுத்தம் செய்வது என்பதில்தான் நம் வட்டாரத்தின் தனித்துவமான கேடு இருக்கிறது. வழக்கம் என்ன? வாட்டர் சர்வீஸில் கொண்டுபோய் நிறுத்துவது. டீசலைப் பீச்சி, அதன்மேல் அதிவேக நீரைப் பாய்ச்சுவது. அந்த நீர் எது? பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிட்டே வரும். பதனிடுமுன் அந்த உப்பைக் கழுவிவிட வேண்டும். பல பத்தாண்டுகளாகக் கழுவிய உப்பு பாலாற்றுப் படுகையின் நிலத்தடியில் இறங்கியிருக்கிறது. குடிக்கக் கூசும் அதே ஆழ்துளை நீரைத்தான் டிஸ்ட்ரிபியூட்டரின் மேலும் டைனமோவின் மேலும் அடிக்கிறோம். அதையேதான் ரேடியேட்டரிலும் ஊற்றுகிறோம். கடினநீர் வார்ப்பிரும்பு என்ஜினின் நீர்ப்பாதைகளில் சுண்ணப் படிவாக ஒட்டும். குளோரைடு உப்பு அரிப்பை விரைவுபடுத்தும். "அம்பாஸடர் என்றாலே சூடேறும்" என்று வண்டியைப் பழிப்பவர்களில் எத்தனைபேர் ஊற்றிய தண்ணீரைச் சந்தேகித்தார்கள்?

காற்றும் சேர்த்தி. தோலிலிருந்து மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடைச் சேர்ப்பார்கள். அதன் கழிவு அமிலத்தோடு சேர்ந்தால் வெளிப்படும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பையும் பித்தளையையும் கறுக்கவைக்கும். தோல் ஷாப்புகளின் அருகே வசிப்பவர்கள் வீட்டுக் குத்துவிளக்கில் பார்க்கும் கருமையை, வண்டியில் மின்முனைகளிலும் எர்த் பட்டையிலும் காணலாம். ஆகவே இங்கே என்ஜின் அறையை மாதம் ஒருமுறை உலர்ந்த துணியும் தூரிகையும் கொண்டு கவனிப்பது ஆடம்பரமல்ல, அவசியம். அதை விட்டுவிட்டு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முலாம் பூசுகிறோம்.

முலாம் என்றதும் இன்னொரு கசப்பு. தோல் பதனிடுவதும் குரோமியம், டாப்பெட் கவரை மினுக்குவதும் குரோமியம். பதனிடப் பயன்படும் மூவிணைதிற உப்பைவிட, முலாம் பூசும் தொட்டிகளில் வழக்கமாகப் பயன்பட்ட ஆறிணைதிற வகை மிகக் கொடிய நச்சு. ராணிப்பேட்டையில் தொண்ணூறுகளில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் பல்லாண்டுக்காலம் அப்படியே கிடந்ததை நாம் அறிவோம். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு, நம் பாலாற்றின் பெயரால் வந்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றி மேடையில் பேசிவிட்டு வந்து, டீசலும் என்ஜின் எண்ணெயும் கலந்த கருப்பு நீரைத் தெருச் சாக்கடை வழியாக அதே ஆற்றுக்கு அனுப்பும் கனவான்களை நான் நேரில் அறிவேன். அவர்களில் ஒருவனாக நானும் இருந்தேன்.

*

ஆம், நானும். அப்பாவின் அம்பாஸடர் மார்க் 3, 1976இல் வாங்கியது. அதைப் பார்த்துக்கொண்டவர் வாணியம்பாடியில் இருந்த ஒரு மெக்கானிக். ஊரே அவரைப் பாய் என்றுதான் அழைக்கும். அப்பாவும் "என்ன பாய்" என்பார், அவர் "சொல்லுங்க மொதலாளி" என்பார். அப்பா எந்த முதலுக்கும் ஆளி அல்ல, பள்ளி ஆசிரியர்தான். என்ஜினுக்குப் பின்னாலுள்ள தடுப்புத் தகட்டில் பாய் வெள்ளை எனாமலால் ஒரு சிறு அட்டவணை எழுதிவைத்திருந்தார். டாப்பெட் இடைவெளி, அங்குலத்தில் ஆயிரத்துக்குப் பதினைந்து. அதன்கீழ் ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றிய தேதி. எண்களெல்லாம் உருதுவில். அப்பாவுக்கு உருது எண்கள் தெரியாது. ஆகவே பக்கத்தில் தன் ஆசிரியர் கையெழுத்தில் தமிழ் மாதப் பெயரைச் சேர்த்து எழுதுவார். இருபத்தைந்து வருடங்கள் இருவரும் அந்தத் தகட்டில் எழுதிவந்தார்கள்.

அப்பா மறைந்து சில ஆண்டுகள் கழித்து, தங்கை மகளின் திருமணத்துக்காக வண்டியை 'ஷோ கண்டிஷனுக்கு'க் கொண்டுவர வேறொரு பட்டறையில் விட்டேன். பாயும் அப்போது இல்லை. மூன்று வாரம் கழித்துப் போனேன். என்ஜின் அறை கண்ணாடிபோல இருந்தது. மனம் நிறைந்து பணத்தை எண்ணிக்கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பானெட்டை மறுபடி திறந்தபோதுதான் தடுப்புத் தகட்டைப் பார்த்தேன். உப்புத்தாளால் இரும்புவரை தேய்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் கறுப்பு. பட்டறைக்காரரைக் கேட்டேன். "அங்க ஏதோ கிறுக்கியிருந்துச்சு சார், நீட் பண்ணிட்டோம்" என்றார். அவர்மேல் குற்றமில்லை. பளபளப்பு வேண்டும் என்று கேட்டவன் நான். பளபளப்புக்கு ஞாபகம் என்பது கறை.

தோல் பட்டறையில் பஃப் எந்திரம் செய்வதும் இதைத்தான். தழும்பை நீக்குகிறோம் என்று எண்ணுகிறோம். அது நீக்குவது தழும்பு பதிந்திருந்த மேற்பரப்பை.

*

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"ஆலையிலிருந்து வரும்போது வண்டி பளபளப்பாகத்தானே இருந்திருக்கும்? அந்த நிலைக்குக் கொண்டுபோவதுதானே அசல்?" வலுவான வாதம், ஆனால் தகவல் பிழை. உத்தரபாராவிலிருந்து எந்த அம்பாஸடரும் குரோமிய டாப்பெட் கவரோடு வரவில்லை. அது உழைப்பதற்காகச் செய்த வண்டி. உட்புறத் தகடுகளில் பெயிண்ட் சீராகப் படிந்ததில்லை. நீங்கள் திரும்பிப்போவது 1968க்கு அல்ல, சென்ற வருடம் யாரோ பரிசு வாங்கிய புகைப்படத்துக்கு.

"பழைய கம்பியும் குழாயும் ஆபத்தல்லவா?" ஆபத்துதான். மாற்றத்தான் வேண்டும். பிரேக், பெட்ரோல் குழாய், வெடித்த கம்பி ஆகியவற்றில் பழம்பெருமை பேசுபவன் மூடன். ஆனால் அதே நிறக் கம்பியால், அதே வழியில், அதே வகைக் கிளிப்பால் மாற்றலாம். கழற்றியதை ஒரு பெட்டியில் தேதியிட்டு வைக்கலாம். திருத்தம் வேறு, திருத்தியதை மறைப்பது வேறு.

"எண்பதுகளில் எங்கள் தாத்தா டீசல் என்ஜின் மாற்றினாரே, அதைக் கழற்றிப் பெட்ரோல் என்ஜின் வைப்பதா?" இதற்கு என்னிடம் எளிய பதில் இல்லை. எரிபொருள் செலவைத் தாங்காமல் ஒரு நடுத்தரக் குடும்பம் எடுத்த முடிவும் அந்த வண்டியின் வரலாறே. அவசரப்பட்டு அதையும் அழிக்க வேண்டாம் என்பேன். அழித்துவிட்டு 'ஆலையிலிருந்து வந்தபடியே' என்று சொல்லிக்கொள்ளவும் வேண்டாம்.

"இதெல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு." தலைகீழ். முலாமும் சிலிக்கான் குழாயும்தான் பணக்காரப் பொழுதுபோக்கு. பழைய பனியன் துணி, பெயிண்ட் அடிக்கும் தூரிகை, கால் லிட்டர் மண்ணெண்ணெய், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் கேட்பது இவ்வளவுதான்.

உலகம் இந்த இடத்துக்கு எப்போதோ வந்துவிட்டது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற டூரின் சாசனம், கட்டடக் கலைப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் வழியில், குறைந்தபட்சத் தலையீட்டையே வலியுறுத்துகிறது. இந்திய அரசும் 2021 ஜூலையில் விதி வகுத்தது. ஐம்பது ஆண்டு கடந்த வாகனத்தை 'வி.ஏ.' வரிசையில் பதிவுசெய்ய வேண்டுமென்றால், அது அசல் வடிவில், சேசிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றமின்றி இருக்கவேண்டும். சட்டப் புத்தகமே அசல் என்கிறது. நாம்தான் இன்னும் ஷைனிங் என்கிறோம்.

*

என்ன செய்யலாம்? முதலில், எதையும் தொடுமுன் படமெடுத்து வையுங்கள், மூலை முடுக்கு விடாமல். பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். உலர்ந்த தூரிகையால் புழுதியை அகற்றுங்கள். கிரீஸைத் துணியில் நனைத்த மண்ணெண்ணெயால் துடையுங்கள், பீச்ச வேண்டாம். பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் உப்பைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, வாசலின் தடவுங்கள். ரேடியேட்டருக்கு மாடியில் பிடித்த மழைநீரோ பேட்டரிக்கு ஊற்றும் நீரோ போதும், துரு தடுக்கும் கூலன்டைச் சேர்த்து ஊற்றுங்கள். அழுக்குத் துணியையும் பழைய எண்ணெயையும் சாக்கடையில் விடாதீர்கள். எழுத்தோ எண்ணோ முத்திரையோ தென்பட்டால் அங்கே கையை நிறுத்துங்கள். பெயிண்ட் டப்பாவைத் திறக்கத் தோன்றினால் ஒரு வாரம் பொறுங்கள்.

ஆம்பூர் நண்பருக்கு ஒன்று சொல்ல ஆசை. உங்கள் கட்டைவிரலை என்னிடம் கொஞ்சநேரம் கடன் கொடுங்கள். உங்கள் டாப்பெட் கவரை அதனால் ஒருமுறை தேய்த்துப் பார்க்கிறேன். பந்தியில் நீங்கள் எனக்குச் சொன்னதையே அது உங்களுக்குச் சொல்லும்.

என் தடுப்புத் தகட்டில் இப்போது கறுப்பு பெயிண்ட் இருக்கிறது, குறையே இல்லாமல். அதில் நான் எதையும் எழுதவில்லை. உருது எண்கள் எனக்கும் தெரியாது.